இயந்திரத்துக்குப் படைக்கத் தெரியுமா?

நம்பிக்கை: நாம் ஊட்டியதைத்தான் கணினி திருப்பிச் சொல்லும்.

1843-லேயே கணித அறிஞர் ஏடா லவ்லேஸ் ஏறத்தாழ இப்படித்தான் எழுதினார். சார்லஸ் பாபேஜ் வடிவமைத்து, கட்டி முடிக்கப்படாமலே போன கணிப்பு இயந்திரத்தைப் பற்றிய பேச்சு அது. 2016 மார்ச்சில் சியோலில் நடந்தது வேறு. 'கோ' என்னும் பலகை ஆட்டத்தின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவரான லீ செடோலுக்கும் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்பாகோ நிரலுக்கும் போட்டி. இரண்டாம் ஆட்டத்தில் 37-ஆவது காய். அந்தக் கட்டத்தில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலகையின் ஓரத்திலிருந்து மூன்றாம் கோட்டிலோ நான்காம் கோட்டிலோ காய் வைப்பது வழக்கம். ஆல்பாகோ ஐந்தாம் கோட்டில் வைத்தது. தவறோ என்று வர்ணனையாளர்களே திகைத்தார்கள். லீ பதில் வைக்க வெகுநேரம் யோசித்தார். மனிதர் எவரும் அங்கே வைப்பதற்கு 10,000-ல் ஒரு வாய்ப்புதான் என்று அந்த நிரலே கணித்திருந்தது. கணித்தும் வைத்தது, வென்றது.

இதைப் படைப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மனிதர் ஒருவர் வைத்திருந்தால் அப்படித்தானே கொண்டாடியிருப்போம்? நான்காம் ஆட்டத்தில் லீ வைத்த 78-ஆவது காயை இன்றும் கொண்டாடுகிறோமே!

நம்பிக்கை: மனிதர்களின் ஆட்டங்களைப் பார்த்துக் காப்பியடித்ததுதானே?

ஆல்பாகோ அவற்றிலிருந்துதான் தொடங்கியது. ஆனால் 2017-ல் வந்த ஆல்பாகோ ஜீரோவுக்கு விதிகள் மட்டுமே தரப்பட்டன. அது தன்னோடு தானே ஆடிப் பழகி, மூன்றே நாளில், லீயை வென்ற நிரலை 100-0 என்று வீழ்த்தியது.

நம்பிக்கை: அப்படியானால் கவிதையும் ஓவியமும் இதே வழியில் வந்துவிடும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். பலகையில் வென்றது யார் என்பதை எண்ணிச் சொல்லிவிடலாம். அதனால்தான் இலட்சக்கணக்கில் ஆடிப்பார்த்து, எது தேறும் என்று இயந்திரம் தானே கண்டுகொள்ள முடிந்தது. கவிதைக்கு அப்படியொரு தீர்ப்பு இல்லை. கவிதை எழுதித் தரும் மொழி மாதிரிகள் மனிதர் எழுதிக் குவித்ததைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கற்கின்றன. குறை சொல்ல முடியாத வரி அவற்றுக்கு எளிதில் வருகிறது. அந்த 37-ஆவது காயின் துணிச்சல் அரிதாகவே வருகிறது.

ஓவியத்திலும் இதே நிலைதான். 2018 அக்டோபரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 'எட்மண்ட் டி பெலாமி' என்ற ஓவியம் 4,32,500 டாலருக்கு விலைபோனது. சுமார் 15,000 பழைய உருவப்படங்களில் பழகிய நிரல் தந்த முகம் அது. சட்டமிட்டுப் பெயர் சூட்டி ஏலத்துக்கு அனுப்பியவர்கள் ஒப்வியஸ் என்னும் பிரெஞ்சுக் குழுவினர். நல்ல ஓவியம் எது என்பது நிரலுக்குத் தெரியாது. அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த அளவுகோல் ஒன்றுதான்: மனிதர் வரைந்ததுபோல் தெரிகிறதா என்பது.