‘இல்லை’ என்று எழுதலாமா?
(எச்.ஐ.வி. உள்ளோரும் ஆயுள் காப்பீடும் – ஒரு பார்வை)



நமது பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ‘சி.என்.சி. இயந்திரமும் எதிர்காலமும்’ என்ற தலைப்பில்தான் எழுத நினைத்திருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் சென்ற ஆடி மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சம்பவம் அந்தத் தாளை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இது நாளைக்கு நம் எல்லோருக்கும் தேவைப்படும் பாடம் என்பதால் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

பேனா நின்ற இடம்

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். அதனால் ரேஷன் கார்டு, பேங்க் பாரம், கரண்ட் ஆபீஸ் கடிதம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். அப்படித்தான் அன்று ஒருவர் ஆயுள் காப்பீட்டுப் படிவத்தோடு வந்தார். அவரை ‘மாமா’ என்றே வைத்துக் கொள்வோம். ஊர், தொழில், சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டு, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வது சட்டப்படியே தவறு என்பதை இங்கேயே சொல்லி விடுகிறேன்.

மாமா லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். பதினோரு வருஷமாக அரசு ஆஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். ஒரு நாள் தவறியதில்லை. ஓட்டு வீட்டை இடித்துக் கட்ட வங்கியில் பத்து லட்சம் கடன் கேட்டிருந்தார். கடனுக்கு ஒரு இன்சூரன்ஸ் இருந்தால் நல்லது என்று அங்கே சொன்னார்கள்.

பெயர், வயது, சம்பளம் எல்லாம் எழுதினேன். உடல்நலம் பற்றிய கேள்விகளில், எச்.ஐ.வி. தொற்று உண்டா, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு கட்டம் வந்தது. பேனா நின்றுவிட்டது. கூட வந்த ஏஜெண்டு சாதாரணமாகச் சொன்னார்: “தம்பி, இல்லைன்னு டிக் அடிச்சிட்டுப் போய்க்கிட்டே இருங்க. மூணு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்க முடியாது.”

மாமா என் முகத்தைப் பார்த்தார். “மாப்ளே, நீ படிச்சவன். நீயே சொல்லு.”

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. “ரெண்டு நாள் டைம் குடுங்க மாமா” என்று படிவத்தை வாங்கி வைத்துக் கொண்டேன். அந்த இரண்டு நாள் இரண்டு மாதம் ஆனது. நூலகம், செஞ்சுருள் சங்கப் பொறுப்பாசிரியர், நம்பிக்கை மையத்து ஆலோசகர் என்று அலைந்து தெரிந்து கொண்டதைத்தான் கீழே தருகிறேன்.

காப்பீடு எப்படி வேலை செய்கிறது?

முதலில் அடிப்படை. ஒரே வயதுள்ள ஆயிரம் தொழிலாளிகள் சேர்ந்து, இந்த ஆண்டு நம்மில் யார் இறந்தாலும் அவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுப்போம் என்று ஒப்புக் கொள்கிறார்கள் என்று வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு பேர் இறப்பார்கள் என்பது பழைய கணக்கிலிருந்து தெரிகிறது. தேவை இருபது லட்சம். ஆயிரத்தால் வகுத்தால் ஆளுக்கு ரூ.2,000. இதுதான் பிரீமியத்தின் கரு. (இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள், நிறுவனத்தின் செலவு, லாபம் எல்லாம் இதற்கு மேல் சேரும்.)

இன்னொரு கூட்டத்தில் ஆயிரத்துக்கு நான்கு பேர் இறப்பார்கள் என்றால், ஆளுக்கு ரூ.4,000 வாங்க வேண்டும். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குக் கூடுதல் பிரீமியம் போடுவது இதனால்தான். இந்தக் கணக்கைப் போடுகிறவரை ‘ஆக்சுவரி’ என்கிறார்கள். நாம் டிசைன் பாடத்தில் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. லோடு அதிகம் என்றால் ஷாஃப்ட்டின் விட்டத்தைக் கூட்டுவோம். ஷாஃப்ட்டே போட முடியாது என்று சொல்ல வேண்டுமானால் அதற்குக் கணக்கு காட்ட வேண்டும்.

அன்று ஏன் கதவை அடைத்தார்கள்?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் நம் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனின் குழு அதைக் கண்டறிந்தது. அந்தக் காலத்தில் பலன் தரும் மருந்து இல்லை. எத்தனை ஆண்டு இருப்பார் என்று சொல்ல முடியாத ஒருவருக்கு இருபது ஆண்டு ஒப்பந்தம் போட நிறுவனங்கள் பயந்தன. உலகம் முழுக்க இதே கதைதான். அன்றைய கணக்கு அப்படி.

1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சை வந்ததும் கணக்கு மாறியது. ஆனால் விலை ஏழைக்கு எட்டவில்லை. 2001-ல் நம் நாட்டு சிப்லா நிறுவனம், ஆண்டுக்கு 350 டாலர், அதாவது நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. ஆரம்பித்த எட்டு மருத்துவமனைகளில் நமது தாம்பரம் சானடோரியமும் ஒன்று. 2017 முதல், சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியான எல்லோருக்கும் சிகிச்சை என்ற நிலை வந்துவிட்டது.

இன்று, சீக்கிரமே மருந்து ஆரம்பித்துத் தவறாமல் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய முழு ஆயுள் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது என்பதும் உறுதியான உண்மை. சேர்ந்து சாப்பிட்டால், ஒரே டூல்ஸைத் தொட்டால் பரவும் என்பது எந்தக் காலத்திலும் உண்மை கிடையாது.

மற்ற நாடுகளில்

எச்.ஐ.வி. அதிகமுள்ள தென்னாப்பிரிக்காவில் ‘ஆல்லைஃப்’ என்ற நிறுவனம் 2000-களின் நடுவிலிருந்தே எச்.ஐ.வி. உள்ளோருக்கு ஆயுள் காப்பீடு விற்கிறது. அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும், மருந்தை விடக் கூடாது. இதனால் பாலிசியே உடம்பைப் பார்த்துக் கொள்ளச் செய்யும் காவல்காரன் ஆகிவிட்டது. அமெரிக்காவில் புருடென்ஷியல் நிறுவனம் 2015 டிசம்பரில் இப்படிப்பட்டவர்களுக்குத் தனிநபர் பாலிசி தரப் போவதாக அறிவித்தது. ஆகவே, ‘கணக்கே போட முடியாது’ என்ற பேச்சு இன்று எடுபடாது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அதன் 3-வது பிரிவு பாகுபாட்டைத் தடை செய்கிறது. வேலை, படிப்பு, மருத்துவம், வாடகை வீடு வரிசையில் காப்பீடும் இருக்கிறது. ஆக்சுவரி ஆய்வு ஆதாரம் இல்லாமல் காப்பீட்டை மறுக்கவோ, அநியாயமாக நடத்தவோ கூடாது என்பது அதன் சாரம்.

நன்றாகக் கவனியுங்கள். எல்லோருக்கும் கட்டாயம் பாலிசி கொடு என்று சட்டம் சொல்லவில்லை. மறுத்தால் கணக்கைக் காட்டு என்கிறது. கூடுதல் பிரீமியம் கேட்பதாலேயே அது பாகுபாடு ஆகிவிடாது. கேட்கும் தொகைக்கு ஆதாரம் இருக்க வேண்டும். அதே சட்டப்படி, அறிந்து கொடுத்த சம்மதம் இல்லாமல் யாருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது.

மருத்துவச் செலவுக்கான காப்பீடு வேறு, ஆயுள் காப்பீடு வேறு. மருத்துவக் காப்பீட்டில், எச்.ஐ.வி. உள்ளோருக்கு எல்லாப் பொதுக் காப்பீட்டு, தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2023 பிப்ரவரியில் உத்தரவிட்டது.

மறைத்தால் என்ன ஆகும்?

இப்போது ஏஜெண்டு சொன்ன ‘மூணு வருஷம்’. அவர் முழுப் பொய் சொல்லவில்லை. 1938-ம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பின், மூன்று ஆண்டு முடிந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது என்கிறது. ஆனால் அவர் சொல்லாத பாதி இது:

மூன்று ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால், தெரிந்தே பொய் எழுதியது மோசடி என்று காட்டிக் குடும்பத்துக்குப் பணத்தை மறுக்கலாம். நடுவில் பிரீமியம் கட்டாமல் பாலிசி நின்று, மறுபடி புதுப்பித்தால், அந்த மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரி பதிவேட்டில் பதினோரு ஆண்டுச் சிகிச்சை இருக்கும்போது, ‘எனக்குத் தெரியாது’ என்றும் சொல்ல முடியாது. அப்போது பதில் சொல்ல மாமா இருக்க மாட்டார். அத்தைதான் பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கொண்டு ஆபீஸ் படி ஏற வேண்டும். கமிஷன் ஏஜெண்டுக்கு, கஷ்டம் அத்தைக்கு.

இன்னொரு விஷயம். பாலிசி எடுத்த பிறகு ஒருவருக்குத் தொற்று வந்தால், அவர் படிவத்தில் எழுதியது அன்றைக்கு உண்மை. அந்தப் பாலிசி தொடரும். அதை விட்டுவிடாமல் கட்டி வர வேண்டும்.

வீட்டுக் கடனும் காப்பீடும்

கடன் எப்படிக் குறைகிறது என்று கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். பத்து லட்சம், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் ரூ.8,997. ஐந்து ஆண்டு கழித்து மீதி சுமார் ரூ.8.87 லட்சம். பத்து ஆண்டு கழித்தும் ரூ.7.10 லட்சம். பதினைந்து ஆண்டில் ரூ.4.33 லட்சம். பாதிக் காலம் ஓடியும் பாதிக் கடன்கூட அடையவில்லை, பாருங்கள்! அதனால்தான் குடும்பத்தலைவர் போய்விட்டால் வீடே போகும் ஆபத்து. கடனோடு சேர்ந்து குறையும் காப்பீடு ஒரு வகை. சாதாரண டெர்ம் பாலிசி எடுத்து வங்கிக்கு ஒப்படைப்பு எழுதிக் கொடுப்பது இன்னொரு வகை. கடன் வாங்குகிறவர் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கிடையாது. ஆனால் ஆபத்து அப்படியே இருக்கிறதே!

நாம் செய்யக் கூடியவை

1. படிவத்தில் உண்மையையே எழுதுங்கள். சமீபத்திய வைரல் லோடு, சி.டி.4 அறிக்கைகளின் நகலை இணையுங்கள். படிவத்தின் நகலை வீட்டில் வையுங்கள்.

2. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 3-வது பிரிவைக் குறிப்பிட்டு, ஆக்சுவரி ஆதாரம் என்ன என்று கேளுங்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றைப் பாருங்கள்.

3. பாலிசி எடுத்த பின் கிளெய்ம் தகராறு வந்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை. எச்.ஐ.வி. சட்டமும் மாநிலந்தோறும் தனி ஓம்புட்ஸ்மேன் நியமிக்கச் சொல்கிறது.

4. பி.எஃப். பிடிக்கும் கம்பெனியில் சேர்ந்தால், இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு தானாக உண்டு. பிரீமியம் முதலாளியுடையது. பணியில் இருக்கும்போது இறந்தால் அதிகபட்சம் ரூ.7 லட்சம். உடல்நலக் கேள்வியே கிடையாது. நாமினி பெயரைப் பதிவு செய்ய மறக்காதீர்கள்.

5. வங்கிக் கணக்குள்ள 18 முதல் 50 வயது வரையானோர் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு ரூ.436 கட்டினால் ரூ.2 லட்சம். மருத்துவப் பரிசோதனை இல்லை. முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம். படிவத்திலுள்ள உறுதிமொழியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

6. சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

மாமா என்ன செய்தார்?

எல்லாவற்றையும் மாமாவுக்கும் அத்தைக்கும் விளக்கினேன். தவணைக் கணக்கை அத்தை இரண்டு தடவை கேட்டார். மாமா சொன்னார்: “நான் மாத்திரைய ஏமாத்தல மாப்ளே. பாரத்தையும் ஏமாத்த வேணாம். ஆம்னே எழுது.” எழுதினேன்.

அந்த நிறுவனம் ஒரே வரியில் மறுத்துவிட்டது. காரணம் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம். இன்னொரு நிறுவனம் படிவத்தை வாங்கி ரத்தப் பரிசோதனை கேட்டது, அதுவும் கொடுத்தாயிற்று. மலர் அச்சுக்குப் போகும் இந்த வாரம் வரை பதில் வரவில்லை. அதற்காக வீடு நிற்கவில்லை. அத்தைதான் யோசனை சொன்னார்: “பத்து எதுக்கு? ஆறு வாங்குவோம். நான் தையல் தச்சு சமாளிக்கிற தவணையா இருக்கட்டும்.” ஆறு லட்சத்துக்கு மாதம் சுமார் ரூ.5,398. கடன் அத்தை பெயரையும் சேர்த்து. மாமா ஜீவன் ஜோதியிலும் உறுதிமொழியைப் படித்துப் பார்த்துச் சேர்ந்துவிட்டார். இப்போது லிண்டல் மட்டம் வரை சுவர் எழும்பியிருக்கிறது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். படிவம் நம் கைக்குத்தான் வரும். ஒரு கட்டத்தில் போடும் சின்ன டிக் ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கவும் செய்யும், இறக்கவும் செய்யும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி இரண்டு நாள் டைம் கேட்பதில் வெட்கமில்லை. தெரிந்து கொண்டு வந்து உண்மையை எழுதிக் கொடுப்போம். நம்மோடு பட்டறையில் நிற்கப் போகிறவர்களில் எச்.ஐ.வி. உள்ளோரும் இருப்பார்கள். அவர்களுக்கு நாம் இரக்கம் காட்ட வேண்டியதில்லை. கணக்கைச் சரியாகப் போட்டால் போதும்.



– மு.செ.,
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை