நீலக்குறி சம்மதம் ஆகாது

சிரஞ்சீவிக்கு, பேட்டையிலிருந்து பெரியப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நீங்கள் நால்வரும் சேர்ந்து செய்துவரும் ப்ராஜெக்ட்டில் மனஸ்தாபம் மூண்டிருப்பதையும், உங்களில் ஒருவனான ஏரல் பையன் வாட்ஸ்அப் குழுவில் பதிலே போடாததால் அவன் பெயரை அறிக்கையிலிருந்து நீக்கிவிட நீங்கள் யோசிப்பதையும் உன் அப்பா நேற்று வந்து வருத்தத்தோடு சொன்னான். நீ அனுப்பியிருந்த குழுப் பேச்சையும் காட்டினான். நடுநிசியில் 'ஃபைனல்' என்று ஒரு கோப்பு, விடிந்ததும் 'ஃபைனல் 2', இடையே பிறந்தநாள் வாழ்த்து, கிரிக்கெட் ஸ்கோர். யார் எந்த அத்தியாயத்தை எழுதுவது என்ற பிரதானமான தீர்மானமோ அவற்றுக்குள் புதைந்து கிடந்தது. இரண்டு நீலக்குறிகள் விழுந்துவிட்டமையால் அவனும் சம்மதித்தான் என்று கொண்டீர்களாம். செய்தி திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அக்குறிகளுக்கு அர்த்தம் கிடையாதப்பா.

பதில் வராததற்கு அலட்சியம்தான் காரணம் என்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு, ஏரல் பக்கத்தில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் அற்றுப்போனபோது, ஊரிலிருந்த தாய்தந்தையரின் நிலை தெரியாமல் வெளியூர்ப் பிள்ளைகள் பரிதவித்ததை நீ அறிவாய். இன்று வெள்ளமில்லை; ஆயினும், வீட்டில் நோயோ, பணமுடையோ, நால்வர் முன்னிலையில் சொல்லக் கூசும் வேறு சங்கடமோ ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிடக்கூடும். விசாரியாமல் தண்டிப்பது அதர்மம்.

அரட்டைக்குக் குழு இருக்கட்டும்; வேலைக்குக் கூகுள் டாக்ஸில் ஒரே பொதுக்கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பது அதன் பதிப்பு வரலாற்றில் தானே பதிவாகிவிடுவதால் வீண் வாதத்துக்கு இடமிராது. அதன் முதல் பக்கத்தில் பொறுப்பாளர் பெயரையும் கெடுத்தேதியையும் எழுதி, ஒவ்வொருவரும் 'ஒப்புக்கொண்டேன்' என்று தம் கையால் பதியவேண்டும்.

எல்லாவற்றையும் இப்படி எழுத்தில் வைப்பதன் பலனுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதி வேலை 1913-இல் சாண்ட்லர் என்ற பாதிரியாரின் பொறுப்பில் தொடங்கிற்று. அவருக்குப் பின் கைமாறி, 1926-இல் நம் நெல்லைச் சீமையில் பிறந்த வையாபுரிப் பிள்ளையிடம் வந்து, 1936-இல் ஆறு தொகுதிகளாக முற்றுப்பெற்றது. ஒரு லக்ஷத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பெருங்காரியம் ஆசிரியர்கள் மாறியும் அழியாது நின்றதற்கு, செய்ததெல்லாம் அடுத்தவர் எடுத்துத் தொடரும்படி எழுத்தில் இருந்ததே காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம். உங்கள் மூன்று மாத வேலைக்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

பெயரை நீக்கும் பேச்சை இப்போதைக்கு விடு. இன்று மாலையே அந்தப் பையனைக் குழுவில் அல்லாமல் தனியாகப் போனில் கூப்பிட்டு, ப்ராஜெக்ட்டைப் பற்றிக் கேட்கும் முன், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரி.

இப்படிக்கு,
பெரியப்பா