வண்டியை உயர்த்தலாமா?

நம் தீவுகளில் ரயில் கிடையாது. ஆகவே ரயில்வேயில் காலம் கழித்த என்னைப் போன்றவனுக்கு இங்கே பேசக் கிடைப்பது ஜீப்பும் பிக்கப்பும்தான். 'லிஃப்ட் கிட்' போட்டு வண்டியைத் தூக்குவது, பெரிய டயர் மாட்டுவது பற்றி நம் பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள். பெற்றோர்கள் 'வீண் செலவு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். போவது பணம் மட்டும் என்றால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இல்லை.

ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் தரை தாழ்ந்து, சிப்பிகாட் பக்கம் வயல்களில் கடல்நீர் ஏறித் தங்கியதை நாம் அறிவோம். சேற்றையும் நீரையும் கண்டவர்களுக்கு வண்டி உயரமாக இருந்தால் நல்லது என்று தோன்றத்தான் செய்யும்.

முதலில் எது உயர்கிறது என்று பார்ப்போம். லிஃப்ட் கிட் என்பது ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் இடையிலோ, ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் இடையிலோ வைக்கும் கட்டை. அல்லது அதிக வளைவுள்ள புதிய பட்டை செட். இதனால் சட்டமும் பாடியும் மேலே போகின்றன. பின் அச்சும், அதன் நடுவில் குடம்போல் தொங்கும் டிஃபரென்ஷியல் கூடும் இருந்த இடத்திலேயே இருக்கும். நம் பிக்கப்புகளில் கல்லில் இடிப்பதும் சேற்றில் உழுவதும் அந்தக் கூடுதானே! இரண்டு அங்குலம் லிஃப்ட் போட்டாலும் அது தரையிலிருந்து ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. அதுவும் டயரின் விட்டம் கூடுவதில் பாதி அளவுதான்.

இனி ஒரு சிறு கணக்கு. பிள்ளைகளே, காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று இருந்தால், அகலம் 215 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 75, அதாவது சுமார் 161 மி.மீ.; உள்ளே ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மேலும் கீழும் இரண்டு சுவர்களையும் ரிம்மையும் கூட்டினால் விட்டம் சுமார் 703 மி.மீ. இதைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் மாட்டுகிறோம் என்று வையுங்கள். அதன் விட்டம் 787 மி.மீ. கூடியது 84, அச்சு உயர்வது 42 மி.மீ., இரண்டு விரல் அகலம். இதற்குக் கொடுக்கும் விலை என்ன?

சக்கரம் ஒரு சுற்றுக்கு முன்னைவிட நூற்றுக்கு 12 பங்கு அதிக தூரம் ஓடுகிறது. ஸ்பீடோமீட்டருக்கு இது தெரியாது. முள் 40 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 45-இல் போகும். ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா காப்புப் பகுதியில் கான்வாயில் செல்லும்போது வேக வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டர். அங்கே முள்ளை நம்பி ஓட்டுகிறவர், தாம் ஒழுங்காகத்தான் போகிறோம் என்ற நிம்மதியோடு வரம்பை மீறிக்கொண்டிருப்பார். சாலையோரம் ஜாரவாக் குழந்தைகள் நிற்கக்கூடிய இடம் அது.

பிரேக்கும் அப்படியே. பிரேக்கின் பிடி மாறவில்லை, சக்கரத்தின் ஆரம் மட்டும் நீண்டுவிட்டது. அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை பத்தில் ஒரு பங்கு குறையும். ஏற்றத்தில் இழுவையும் அதே விகிதத்தில் குறைவதால் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கவிழும் அபாயத்தை ரயில்வேக்காரன் சொல்லாமல் விட முடியாது. மீட்டர் கேஜ் பாதையின் அகலம் 1,000 மி.மீ., அகலப்பாதை 1,676 மி.மீ. கால் அகலமாக இருந்தால் வளைவில் தைரியமாகப் போகலாம். சாலை வண்டிக்கும் இதே விதிதான். இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அகலம் 1,400, உயரம் 700 என்றால் விடை 1. லிஃப்டும் டயருமாக மையம் 90 மி.மீ. உயர்ந்தால் விடை 0.89. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இது காலி வண்டியின் கணக்கு. பின்னால் தேங்காய் மூட்டையை அடுக்கி, அதன்மேல் நான்கு ஆட்களையும் ஏற்றினால் மையம் எங்கே போகும்? அந்த நிலையில், மழையில், டிரங்க் சாலையின் ஒரு வளைவில் திடீரென ஒதுங்க நேர்ந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்குதான் கணக்கைத் தீர்மானிக்கும்.

அமெரிக்காவில் பாப் சாண்ட்லர் தம் 1974-ஆம் ஆண்டு ஃபோர்டு பிக்கப்பை உயர்த்திக்கொண்டே போய் 'பிக்ஃபுட்' என்ற காட்சி வண்டியாக்கியது பலரும் அறிந்த கதை. ஐஸ்லாந்தில் பனிமேட்டைக் கடக்க 38 அங்குல டயர்கூடப் போடுகிறார்கள். அவர்கள் கியர் விகிதத்தையும் வேறு பாகங்களையும் சேர்த்தே மாற்றுகிறவர்கள். ஐஸ்லாந்துக்காரர் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் நாமும் செய்யலாம். டயரின் காற்றைக் குறைத்தால் தரையில் படும் பரப்பு கூடி, மணலிலும் சேற்றிலும் வண்டி புதையாது. தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி காற்று அடித்துவிட வேண்டும். ஒரு சிறு பம்பும் காற்றுமானியும் போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52-இன்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளரே குறித்துள்ள டயர் அளவுகளுக்குள் இருந்துகொள்வது நல்லது.

ஏற்கெனவே உயர்த்திய பழைய வண்டி விலைக்கு வருகிறதா? கீழே படுத்துப் பாருங்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டால் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினால் டயர் எங்கும் உரசக் கூடாது. புரப்பெல்லர் ஷாஃப்ட் அதிகச் சாய்வில் நின்றால் அதன் யூனிவர்சல் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். ஓட்டும்போது அடியில் அதிர்வு தெரியும். யூ போல்ட்டுகளைக் கட்டாயம் பாருங்கள். நம் உப்புக் காற்றில் அவை துருப்பிடிக்கும். கட்டை வைத்த இடத்தில் நட்டு தளர்ந்திருந்தால் அச்சே நகரும். கடைசியாக, இரவில் ஒரு சுவரின் எதிரே நிறுத்தி ஹெட்லைட்டைப் போடுங்கள். முன்பக்கம் உயர்ந்த வண்டியின் ஒளி எதிரே வருபவர் கண்ணில்தான் விழும்; அதை இறக்கி வைக்க ஸ்குரூ டிரைவரும் பத்து நிமிடமும் போதும்.