சரஸ்வதி பூசைக்கு மறுநாள்: பள்ளி நூல்நிலையத்துக்கு உதவும் இணையக் கருவிகள்



சரஸ்வதி பூசை அன்னைக்கு நாம எல்லாரும் புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வெச்சு வணங்குறோம். அன்னைக்குப் படிக்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்வாங்க. ஆனா மறுநாள் விஜயதசமிக்கு அதே புத்தகத்தை எடுத்துப் படிச்சே ஆகணும். நம்ம தமிழ்ப்பள்ளி நூல்நிலையங்கள் சிலவற்றைப் பார்க்கும்போது, பூசை மட்டும் நடந்து, அந்த மறுநாள் வராமலே போச்சோன்னு தோணுது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால எங்க கிளை சார்பா ஒரு தமிழ்ப்பள்ளிக்கு கோத்தோங் ரோயோங் போனோம். சுவருக்குச் சாயம் அடிச்சோம். நூல்களைத் தூசு தட்டி, உயர வாரியா அழகா அடுக்கினோம். அப்போ நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து, "அண்ணா, ஆமை பத்தின புத்தகம் இருக்கா?"ன்னு கேட்டா. நாங்க நாலு பேர் அரை மணி நேரம் தேடினோம். கிடைக்கல. மணி அடிச்சது, அவ போயிட்டா. சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தா, நாங்க அடுக்கின வரிசையிலேயே ஆமையைப் பத்தி ரெண்டு புத்தகம் இருந்துச்சு.

நூல் இருப்பது வேற, நூல் கிடைப்பது வேற. இந்தப் பாடம் அந்த இடைவெளியைப் பத்தினது. பள்ளி நூல்நிலையத்தைப் பார்த்துக்கும் ஆசிரியருக்கு எந்தக் கருவிகள் உண்மையிலேயே உதவும், அதில் நம்ம பங்கு என்னன்னு பார்ப்போம்.

1. முதல்ல பட்டியல்

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு கூகுள் விரிதாள் போதும். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தின் மூலமா ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே கூகுள் கணக்கு இருக்கு. விரிதாளை அந்தக் கணக்கில்தான் தொடங்கணும், நம்ம கணக்கில் இல்லை. ஏன்னு பின்னால சொல்றேன்.

தேவையான பத்திகள்: பதிவெண், நூல் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஐஎஸ்பிஎன், வகை எண், அலமாரி, வாசிப்பு நிலை, இருக்கா அல்லது இரவலில் போயிருக்கா. கடைசியா ஒரு பத்தி கண்டிப்பா வேணும்: தேடல் சொற்கள். ஆமை புத்தகத்தின் தலைப்பில் 'ஆமை'ங்கிற சொல் இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பத்தியில் 'ஆமை, கடல், முட்டை'ன்னு போட்டு வெச்சா, பிள்ளை எந்தச் சொல்லோட வந்தாலும் நூல் கிடைக்கும்.

தட்டச்சு வேலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கைப்பேசியில் நம்ம நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் இருக்கு. கூகுள் விசைப்பலகையில் தமிழில் பேசியே தட்டச்சு பண்ணலாம். ஒருத்தர் தலைப்பை வாசிக்க, இன்னொருத்தர் பிழை திருத்தினா வேலை வேகமா நடக்கும். பள்ளியில் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டின பட்டியல் இருந்தா, அப்படியே ஒட்டாதீங்க, புரியாத ஆங்கில எழுத்துகளா வரும். இணையத்தில் இலவசமாக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி மூலமா முதல்ல யூனிகோடுக்கு மாத்துங்க.

2. ஐஎஸ்பிஎன் சொல்லும் செய்தி

நூலின் பின்னட்டையில் பட்டைக் குறியோடு இருக்கும் எண்தான் ஐஎஸ்பிஎன். 2007-க்கு முன்னால 10 இலக்கம், அதுக்கப்புறம் 13 இலக்கம். 978-க்குப் பிறகு 967 அல்லது 983 வந்தா அது மலேசிய நூல். 81 அல்லது 93 வந்தா இந்திய நூல். மலேசியாவில் இந்த எண்ணைக் கொடுப்பது தேசிய நூலகம்.

எண்ணைத் தப்பா அடிச்சோமான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. 13 இலக்கங்களையும் வரிசையா 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்க. கூட்டுத்தொகை 10-ஆல் மீதியில்லாமல் வகுபடணும். இல்லைன்னா எங்கேயோ தப்பு. விரிதாளில் ஒரு சூத்திரமா எழுதிட்டா, தப்பான எண்ணை அதுவே காட்டிக் கொடுக்கும்.

ஓப்பன் லைப்ரரி தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்தா பல ஆங்கில நூல்களின் விவரம் உடனே வரும். தமிழ் நூல்கள் பலவும் அங்கே இல்லை. பழைய தமிழ் நூல்களில் ஐஎஸ்பிஎன்னே இருக்காது. ஆக, தமிழ் நூலைப் பதிய மனுஷன்தான் வேணும். இளைஞர்கள் போக வேண்டிய இடம் இதுதான்.

3. ஒரே எழுத்தாளர், மூணு பெயர்

மு.வ., மு. வரதராசன், டாக்டர் மு. வரதராசனார். மூணும் ஒருத்தர்தான். கணினிக்கு அது தெரியாது. ராஜம், ராசம் மாதிரி கிரந்த எழுத்தாலும் பெயர் மாறும். ஒரு பெயரை முடிவு பண்ணி எல்லா இடத்திலும் அதையே எழுதுங்க. மத்த வடிவங்களைத் தேடல் சொற்களில் போடுங்க. தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால எழுதினா (வரதராசன், மு.) அகர வரிசை ஒழுங்கா வரும்.

4. தேவாரத்தை எங்கே வைப்பது?

டூயி தசம வகைப்பாட்டில் நமக்கு அடிக்கடி வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். இந்து சமயம் 294.5, நாட்டுப்புறக் கதைகள் 398.2, தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811. இப்போ தேவாரம் சமயமா, இலக்கியமா? ரெண்டும்தான். ஆனா ஒரு நூல் ஒரு அலமாரியில்தானே இருக்க முடியும்! சமயத்தில் வைக்கிறதா முடிவு பண்ணினா எல்லாத் திருமுறை நூலையும் அங்கேயே வைங்க. பாதி இங்கே, பாதி அங்கேன்னு இருந்தாத்தான் தொலையும். சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணோட ஒரு வண்ண ஒட்டியும் ஒட்டிடுங்க.

5. நான் செய்த தப்பு

ஆமை விஷயத்துக்கு அப்புறம் எனக்கு ஒரு வேகம் வந்துச்சு. பொறியியல் படிக்கிறோமே, சும்மா விரிதாளா? கோஹா மென்பொருளை நிறுவலாம்னு கிளம்பினேன். கோஹா அருமையான கருவி. நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக உருவாகி, 2000-இல் எல்லாருக்கும் இலவசமா வெளியிடப்பட்டது. மவோரி மொழியில் கோஹான்னா அன்பளிப்பு. இந்தோனேசியாவில் உருவான ஸ்லிம்ஸ் என்பதும் இலவசம்தான்.

செமஸ்டர் லீவில் ஒரு பழைய மடிக்கணினியில் கோஹாவை ஏத்தி, மூணு வாரம் உட்கார்ந்து அறுநூறு நூல்களுக்கு மேல பதிஞ்சேன். கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். படி எடுத்து வைக்கல. நான் வளாகத்துக்குத் திரும்பின ரெண்டாவது மாசம் அந்த மடிக்கணினி செத்துப்போச்சு, பட்டியலும் அதோட போச்சு. டீச்சர் என்னைத் திட்டல. பழைய பதிவேட்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கையால எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அதுதான் எனக்கு இன்னும் வலிச்சது.

கருவியில் குறை இல்லை. நான் போன பிறகு அதை யார் பார்த்துக்குவாங்கன்னு நான் யோசிக்கல. தொண்டுன்னு சொல்லிக்கிட்டு, என் திறமையைக் காட்டத்தான் போயிருக்கேன். அதனாலதான் இந்தத் தடவை டீச்சர் கணக்கில், டீச்சருக்குப் பழகின விரிதாளில் தொடங்கினோம்.

6. அலமாரியில் இல்லாத நூல்கள்

பட்டியல் முடிஞ்ச பிறகு இணைய நூல்களுக்குப் போகலாம்.

*ஸ்டோரிவீவர்:* இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய தளம். தமிழிலும் நிறைய படக்கதைகள் உண்டு. நாலு வாசிப்பு நிலைகளாப் பிரிச்சிருக்காங்க. பதிவிறக்கி அச்சடிக்கலாம், நாமே மொழிபெயர்க்கவும் செய்யலாம். ஆரம்பப்பள்ளிக்கு இதுதான் முதல் தேர்வு.

*மதுரைத் திட்டம்:* 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த தமிழ் இலக்கியங்கள். ஆசிரியர்களுக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் பயன்படும்.

*தமிழ் இணையக் கல்விக்கழகம்:* தமிழ்நாடு அரசின் மின்னூலகம். அகராதிகளும் உண்டு.

*நூலகம்:* 2005-இல் தொடங்கிய ஈழத்து நூல்களின் எண்ணிம நூலகம்.

*சைவம் தளம்:* திருமுறைப் பாடல்களை வாசிக்கலாம், கேட்கவும் செய்யலாம். சமய வகுப்பு நடத்துறவங்களுக்கு நல்ல துணை.

மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வரக் கூடாதுன்னு நமக்குத் தெரியும். அதனால கியூஆர் குறியை அலமாரியில் ஒட்டினா மட்டும் பிள்ளைக்குப் பயனில்லை. அதைப் பெற்றோரின் புலனக் குழுவில் பகிருங்க. பள்ளியில் பத்துக் கதைகளை அச்சடிச்சுக் கட்டி வைங்க. பிள்ளைங்க நிலாம் வாசிப்புப் பதிவுக்கும் அது உதவும்.

7. எது நம்முடையது இல்லை

புலனத்திலும் டெலிகிராமிலும் சுத்தும் ஸ்கேன் செய்த நாவல்களைப் பள்ளிக்குக் கொண்டு போகாதீங்க. மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. சட்டத்தை விடுங்க, திருக்குறளில் கள்ளாமைக்கு ஓர் அதிகாரமே இருக்கு. அதே திருக்குறளை வெச்சிருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் திருட்டு நூல் இருக்கலாமா? அதே மாதிரி, யார் எந்த நூல் எடுத்தாங்கன்னு இருக்கும் இரவல் பட்டியலை வெளியில் பகிராதீங்க. அது பிள்ளைகளோட சொந்த விஷயம்.

8. ஒப்படைப்பு

வேலை முடியும் நாள், நாம விரிதாளைத் தொடாம நிக்கணும். டீச்சரோ மாணவ நூலகரோ ஒரு நூலைத் தேடி, இரவல் கொடுத்து, திரும்ப வாங்கிக் காட்டணும். அவங்களால முடிஞ்சாத்தான் நம்ம வேலை முடிஞ்சது. மாசத்துக்கு ஒரு தடவை ஒரு படி எடுத்து விரலியில் வைக்கச் சொல்லுங்க.

போன லீவில் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஒரு சின்னப் பையன் டைனோசர் புத்தகம் கேட்டான். மாணவ நூலகர் விரிதாளைப் பார்த்துட்டுச் சொன்னா: "வெளிய போயிருக்கு தம்பி. வெள்ளிக்கிழமை வந்துரும், அப்ப வா." நூல் கிடைக்கல. ஆனா எப்போ கிடைக்கும்னு ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடிஞ்சது. அவன் சந்தோஷமாத்தான் போனான்.

செய்து பார்க்க

1. உங்க வீட்டு நூல்கள் பத்தை விரிதாளில் பதியுங்க. ஒவ்வொன்றுக்கும் மூணு தேடல் சொல் கொடுங்க.
2. ஒரு நூலின் ஐஎஸ்பிஎன்னைக் கூட்டிச் சரிபாருங்க.
3. உங்க கிளைக்கு அருகில் உள்ள பள்ளியின் பொறுப்பாசிரியரைச் சந்திச்சு, "உங்களுக்கு என்ன வேணும்?"னு கேளுங்க. கருவியைப் பத்திப் பேசுறதுக்கு முன்னால, அவங்க சொல்றதை எழுதிக்கிட்டு வாங்க.