நீர் மாத்திரை

தம்பி,

குருசுக்குப்பத்து மீன்கார அம்மாவைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை சிவப்புப் பேனாவோடு.

'மருத்துவ இல்லம்' என்று தலைப்பிட்டிருக்கிறாய். இல்லம் என்றால் நம் ஊரில் முதியோர் இல்லம்தான் ஞாபகம் வரும். 1967-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தபோது கேட்டது, நாள்பட்ட நோயுள்ள குழந்தையின் சீட்டெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். நமக்கென்ன புதிதா? வீடுவீடாக ஏறி இறங்கி ஃபேமிலி ஃபோல்டர் எழுதித்தானே நீயும் நானும் தேறினோம்!

தமிழ்நாட்டைப் பார் என்கிறாய். பார்த்தேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர், பிரஷர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல காரியம். 2018-இல் வந்த மத்திய அரசின் நலவாழ்வு மையங்களுக்கு 2023-இல் 'ஆயுஷ்மான் ஆரோக்ய மந்திர்' என்று பெயரும் மாறிவிட்டது. போர்டு எத்தனை முறை வேண்டுமானாலும் மாறட்டும். நாற்காலியில் உட்காரும் டாக்டர் அடிக்கடி மாறக் கூடாது. என் பழைய பல்லவி, தெரியும். ஆனால் சளிக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஊர் இது. அதே ஜிப்மர் குருசுக்குப்பத்திலேயே ஒரு மையம் நடத்துகிறது. தெரிந்த முகம் இருந்தால்தானே பக்கத்துத் தெரு மையத்துக்கு ஜனம் வரும்?

எனக்குச் சுருக்கென்று தைத்தது, மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர் என்பதற்கு நீ எழுதிய 'டிஃபால்ட்டர்' என்ற சொல். அந்த அம்மாவை அப்படி எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு மீன்கார அம்மாவைத் திட்டியிருக்கிறேன். பிரஷருக்குக் கொடுத்த நீர் மாத்திரையை அவர் போடுவதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் போன பிறகு சிஸ்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சார், காலையில் மாத்திரையைப் போட்டுக்கிட்டு மார்க்கெட்ல உட்கார்ந்தா, அந்தம்மா எங்க ஒதுங்குவாங்க?"

மருத்துவக் கல்லூரியில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உன் கட்டுரையின் கடைசிப் பத்தியில், பிரஷர் பார்க்குமுன் சிஸ்டர் "பையன் கடலுக்குப் போயிட்டானா?" என்று கேட்கிறாரே, அந்த இடம் அபாரம். நாற்பது வருடத்தில் நான் அப்படி ஒரு வரி எழுதியதில்லை. அதைப் போய்க் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறாய்.

அன்று நான் திட்டிய அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு, வியாபாரம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மத்தியானம் மாத்திரையைப் போடச் சொன்னேன். அதன்பிறகு அவர் விடவே இல்லை. உன் கட்டுரையில் வரும் அம்மா எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்று நாளைக்குக் கேள்.