தடித்த எழுத்தில் ஓர் எண்

அன்புள்ள கயல்,

சிரோசிஸ் முற்றி வயிறு வீங்கி உன் வார்டில் சேர்ந்த அந்த அம்மாவுக்கு சிஏ-125 என்ற இரத்தச் சோதனை பல நூறு காட்டியது, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அதைப் பார்த்த மகள் "சினைப்பையில் கேன்சராம்" என்று அழுதது, இரண்டையும் எழுதியிருந்தாய். நர்சிங் படிக்கிற நீ இதை ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் அம்மா. அழுகிறவர்கள் முதலில் உன்னிடம்தான் வருவார்கள்.

சிஏ-125 புற்றுநோய் மட்டுமே சுரக்கும் பொருள் அல்ல. வயிற்றறையின் உள்சவ்வும் அதைச் சுரக்கிறது. நீர் கோத்து அந்தச் சவ்வு விரிந்து இழுபடும்போது சுரப்பு பெருகுகிறது. வழக்கமான எல்லை 35. நீர் கோத்த சிரோசிஸில் அது பல நூறைத் தொடுவது சகஜம். சினைப்பையே இல்லாத ஆண்களுக்கும் இப்படி ஏறுகிறது! நீர் வற்றினால் எண்ணும் இறங்கும்.

அந்த நிலையில் இந்தச் சோதனையை எழுதியே இருக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இந்த எண்ணை நம்பி, இல்லாத கட்டியைத் தேடி வயிற்றைத் திறந்த சம்பவங்கள் உண்டு. கெட்டுப்போன ஈரலோடு மயக்க மருந்தும் அறுவையும் உயிருக்கே ஆபத்து. வயிற்று நீரைக் கொஞ்சம் எடுத்து, இரத்த அல்புமினிலிருந்து நீரின் அல்புமினைக் கழித்துப் பார்த்தால் போதும்: வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.1 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈரலுக்குப் போகும் இரத்தக்குழாயில் அழுத்தம் கூடியதால் கோத்த நீர் அது. சந்தேகம் மிஞ்சினால் நீரில் புற்றுச் செல் தேடலாம், சினைப்பையை ஸ்கேன் செய்யலாம்.

சிஏ 19-9 என்ற இன்னொரு புற்றுக் குறியீடும் இப்படித்தான். பித்தக்குழாயில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலே எகிறும். அடைப்பு நீங்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

ஈரல் புற்றுக்குப் பார்க்கும் ஏஎஃப்பி எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். ஹெபடைடிஸ் மும்முரமாக இருந்தால் புற்று இல்லாமலே ஏறும். ஈரல் புற்று வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கோ அது ஏறுவதே இல்லை. சிரோசிஸ் நோயாளிக்கு ஈரல் புற்று வரும் வாய்ப்பு நிஜமாகவே அதிகம். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தவறக்கூடாது என்கிறோம்.

ஆகவே அந்த மகளிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடாதே. "வயிற்றில் நீர் இருந்தாலே இந்த எண் ஏறும்; மற்ற சோதனைகள் வரட்டும்" என்று சொல். டியூட்டி டாக்டரை இன்றே அவளோடு உட்கார்ந்து பேசச் சொல்.

அன்புடன்,
சித்தி