தில்லை மரமும் ஒரு பிளாஸ்டிக் பையும்



போன வருடம் எங்கள் கிளை ஓர் ஆற்று முகத்துவாரத்தில் பாக்காவ் கன்று நடும் கோத்தோங் ரோயோங்கிற்கு ஏற்பாடு செய்தது. முழங்கால் வரை சேறு. ஒரு மரத்தடியில் சிக்கிக் கிடந்த பிளாஸ்டிக் பையை இழுத்தேன். உள்ளே காய்ந்த மாலை, ஊதுபத்தி உறை, காலியான கற்பூர டப்பா. பூஜைப் பொருள் காலில் மிதிபடக் கூடாது என்று யாரோ பயபக்தியோடு ஆற்றில் விட்டிருக்கிறார்கள். எங்க வீட்டிலும் அப்படித்தான். அம்மா கட்டிக் கொடுத்த பையை நானே பலமுறை பாலத்திலிருந்து போட்டிருக்கிறேன். அதனால் யாரையும் திட்ட வாய் வரவில்லை.

பை கிடந்த இடத்தில், நிமிர்ந்து நிற்க வேண்டிய சின்ன வேர்கள் வளைந்து கிடந்தன. ஏன் என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

உப்பைச் சமாளிப்பது

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. வீட்டு ரோஜாச் செடிக்கு அதை ஊற்றினால் கருகிவிடும். பாக்காவ் மரமோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. அப்பி-அப்பி மரம் மிஞ்சி உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் உப்பு விரலில் ஒட்டும்.

பொறியியல் படிக்கிற எனக்கு இது பெரிய ஆச்சரியம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில், சவ்வின் வழியே நீரைத் தள்ள பம்பு சுமார் 55 முதல் 70 பார் அழுத்தம் கொடுக்க வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். மரத்துக்குப் பம்பும் கிடையாது, மின்சார பில்லும் கிடையாது. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசையே வேரில் நீரை வடிகட்டி மேலே ஏற்றுகிறது.

சேற்றில் மூச்சு விடுவது

கடலோரச் சேற்றில் சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இருக்காது. அதனால் அப்பி-அப்பி பென்சில் போன்ற மூச்சுவேர்களை மேல்நோக்கி நீட்டுகிறது. பாக்காவ் முட்டுக்கால் போட்டதுபோல வேர்களை வெளியே வைத்துக்கொள்கிறது. இவற்றில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் அடிவேருக்குக் காற்று போகிறது.

நஞ்சைப் பிடித்து வைப்பது

தொழிற்சாலைக் கழிவிலுள்ள ஈயம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்கள் ஆற்றோடு வந்து இங்கே படிகின்றன. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அவை கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகின்றன. வேருக்குள் நுழைந்தாலும், ஈயம் போன்றவற்றை மரம் பெரும்பாலும் இலைவரை ஏற விடுவதில்லை. மீனும் நண்டும் வாழும் கடலுக்கு முன்னால் நிற்கும் வடிகட்டி இது. ஆனால் நஞ்சு மறைந்து போகவில்லை, பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். காட்டை அழித்துச் சேற்றைத் தோண்டினால், காற்றுப் பட்டு அது மறுபடியும் வெளியே வரும்.

பொறுமைக்கும் எல்லை உண்டு

இவ்வளவும் தாங்குகிற மரம் எதற்குத் தோற்கிறது? மூச்சுத்துளையை அடைக்கிற பொருளுக்கு! கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் வேரில் படிந்தால் மரம் மூச்சுத் திணறிச் சாகும். பிளாஸ்டிக்கும் அப்படியே. ஜாவாத் தீவில் நடந்த ஆய்வில், சேற்றின் ஒரு பகுதியை மட்டும் பிளாஸ்டிக் மூடியபோது மரங்கள் தாக்குப்பிடித்தன. முழுவதும் மூடியபோது இலைகள் குறைந்தன, மரங்கள் பட்டுப்போயின. நான் பார்த்த வளைந்த வேர்கள் வழி தேடிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது.

"ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்று நாம் நினைக்கிறோம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது, 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றில் போட்டது நம்மிடமே திரும்பி வந்தது. நம் பூஜைப் பை அந்த அளவுக்கு இல்லைதான். ஆனால் "ஆறு பார்த்துக்கும்" என்ற எண்ணம் ஒன்றுதான்.

நமக்கும் இந்தக் காட்டுக்கும்

சிதம்பரத்தின் தலவிருட்சம் தில்லை. ஊருக்கே தில்லை என்ற பெயர் வந்தது இந்த மரத்தால்தான். அது ஒரு சதுப்புநில மரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் காட்டில் இன்றும் இருக்கிறது. நம் மலேசியக் கடலோரத்திலும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பதால் மலாய்க்காரர்கள் 'புத்தா-புத்தா' என்கிறார்கள். நடராஜர் ஆடிய தில்லைவனத்தின் மரம் நம்ம ஊர்ச் சேற்றிலும் நிற்கிறது. பக்தியோடு நாம் வீசும் பை அதன் காலடியில்தான் போய்ச் சேர்கிறது.

இப்போது எங்க வீட்டில் காய்ந்த பூவும் இலையும் பூந்தொட்டி மண்ணுக்குப் போகின்றன. பிளாஸ்டிக் உறைகள் தனியாகக் குப்பைத் தொட்டிக்கு. அம்மாவுக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. "மண்ணும் பூமாதேவிதானேம்மா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தொட்டியை அவரே பூஜை அறைக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தார்.

கலந்துரையாட:
1. உங்கள் கோவிலில் பூஜைக் கழிவு எங்கே போகிறது?
2. அதை மாற்ற உங்கள் கிளை இந்த மாதமே செய்யக்கூடிய ஒரு காரியம் எது?